உண்மையைத் தேடும் விவாதம்: முனாழரா கலையை எங்கிருந்து ஓதத் தொடங்குவது?

குடியாத்தத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். பொறியியல் படித்துவிட்டு ஆம்பூர்ப் பக்கம் ஒரு தோல் கம்பெனியில் வேலை செய்கிறவர். இஷா தொழுதுவிட்டு உட்கார்ந்தால் யூடியூபில் மார்க்க விவாதங்களை நள்ளிரவு வரை பார்ப்பாராம். அவர் கேள்வியைச் சுருக்கித் தருகிறேன்: "அந்தக் காலத்து ஆலிம்கள் விவாதத்தை ஒரு பாடமாகவே ஓதினார்களாமே, அது என்ன பாடம்? எந்தக் கிதாபு? அரபி தெரியாத நான் கற்க முடியுமா? போன மாதம் ஒரு விவாதத்தில் ஒரு ஹஸ்ரத் பதில் சொல்ல வழியில்லாமல் வாயடைத்துப் போனார். அப்படியென்றால் அவர் சொன்ன கருத்து தவறு என்றுதானே ஆகிறது? எனக்கும் அப்படி எதிராளியை வாயடைக்கக் கற்றுக்கொள்ள ஆசை."

தம்பி, உங்கள் கேள்வியிலேயே ஒரு வாதம் ஒளிந்திருக்கிறது. 'வாயடைத்துப் போனார், ஆகவே கருத்து தவறு' என்பது. அதைக் கடைசியில் எடுத்துக்கொள்வோம். அதற்குத் தேவையான கருவிகளை முதலில் கையில் தந்துவிடுகிறேன்.

நீங்கள் கேள்விப்பட்டது உண்மைதான், அப்படி ஒரு பாடம் உண்டு. 'ஆதாபுல் பஹ்ஸ்' என்றும் 'இல்முல் முனாழரா' என்றும் சொல்வார்கள், விவாத ஒழுங்குகளின் கலை என்று பொருள். வேலூர் வட்டாரத்து மதரஸாக்களில் மன்திக் எனும் தர்க்க நூல்களை ஓதி முடித்த மாணவருக்கு இதை ஓதிக்கொடுப்பது பழைய வழக்கம். நான் ஓதியதும் அப்படித்தான், பிறகு பல வருடம் ஓதிக்கொடுத்ததும் அப்படித்தான். ஆட்களை வாயடைக்க இந்தப் பாடத்தில் வழி இல்லை. கேள்வி கேட்க வழி இருக்கிறது. சரியான இடத்தில், சரியான அளவில், தனக்கு உரிமையுள்ள கேள்வியை மட்டும் கேட்பது. பதில் சொல்லும் வித்தை அதற்குப் பின்னால்தான் வருகிறது.

பாடத்தின் முதல் நாளே ஒரு சொல் ஆராய்ச்சியோடு தொடங்கும். முனாழரா என்ற சொல்லுக்கு வேர் எது? 'நழீர்' என்றால் இணையானவர், சமமானவர். 'நழர்' என்றால் பார்வை, கூர்ந்து சிந்தித்தல். 'இன்திழார்' என்றால் காத்திருத்தல். உரையாசிரியர்கள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டு ஒவ்வொன்றிலிருந்தும் ஓர் ஒழுங்கை எடுப்பார்கள். உட்காரும் இருவரும் இணையானவர்களாக இருக்க வேண்டும். எதிரில் இருக்கும் ஆளைவிட எடுத்துக்கொண்ட பொருளைக் கூர்ந்து பார்க்க வேண்டும். அடுத்தவர் சொல்லி முடிக்கும் வரை காத்திருக்க வேண்டும். இந்த மூன்றையும் மனதில் வைத்துக்கொண்டு நீங்கள் பார்த்த விவாதங்களை ஒருமுறை நினைத்துப் பாருங்கள். காத்திருத்தல் என்ற ஒன்றை வைத்து அளந்தாலே பலவும் முனாழரா என்ற பெயருக்குத் தகுதி பெறாது.

பேச்சில் மோதுவதை இந்தக் கலையின் நூல்கள் மூன்றாகப் பிரிக்கின்றன. உண்மை வெளிவர வேண்டும் என்று இருவர் பேசினால் அது முனாழரா. எதிராளியை மடக்க வேண்டும் என்று பேசினால் முஜாதலா. உண்மையும் வேண்டாம், மடக்குவதும் நோக்கமில்லை, தெளிவாகத் தெரிந்ததையும் ஒப்புக்கொள்ள மாட்டேன் என்று நின்றால் முகாபரா. நீங்கள் கற்க ஆசைப்படுவது இரண்டாவதை. ஆலிம்கள் பாடமாக ஓதியது முதலாவதை.

இனி உள்ளே போவோம். விவாதத்தில் இரண்டு இடங்கள் உண்டு. ஒன்று முஅல்லில், அதாவது ஒரு கருத்தை நிறுவ வந்தவர். மற்றது ஸாயில், கேட்பவர். ஆதாரம் காட்டும் பொறுப்பு முஅல்லிலுடையது. ஸாயில் எதையும் நிரூபிக்க வேண்டியதில்லை. 'நீங்கள் சொன்னது நிலைபெறவில்லை' என்று காட்டினால் அவர் வேலை முடிந்தது. இந்த வேலைப் பிரிவினைதான் இந்தக் கலையின் உயிர். பெரும்பாலான சண்டைகள் 'ஆதாரம் யார் காட்ட வேண்டும்?' என்ற இடத்தில் குழம்பித்தான் பாழாகின்றன.

அதற்கும் முன்னால் ஒரு படி உண்டு. ஒருவர் 'இன்ன இமாம் இப்படிச் சொல்லியிருக்கிறார்' என்று மட்டும் சொன்னால், அவர் வெறும் நாகில், எடுத்துச் சொல்பவர். அவரிடம் நீங்கள் கேட்கக்கூடியது ஒன்றுதான்: எந்த நூலில், எந்த இடத்தில்? இதற்குத் தஸ்ஹீஹுன் நக்ல் என்று பெயர். அந்த இமாமின் கருத்து சரியா என்று அவரோடு மல்லுக்கு நிற்க முடியாது, ஏனென்றால் அவர் அதைத் தன் கருத்தாக இன்னும் சொல்லவில்லை. வாட்ஸ்அப்பில் வரும் செய்திகளுக்கு இந்த ஒரு விதியை மட்டும் கடைப்பிடித்தால் குழுவில் பாதிச் சச்சரவு குறையும். வந்ததை அனுப்பியவரிடம் இடத்தைக் கேளுங்கள். இடம் காட்டினால் சரி. காட்ட முடியாவிட்டால் பேச்சு அங்கேயே முடிந்தது, கோபப்பட ஒன்றுமில்லை.

கருத்தை நிறுவ வந்தவர் ஆதாரத்தைச் சொல்லிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். இப்போது ஸாயிலின் முறை. அவர் கையில் மூன்று வழிகள் உள்ளன. நம்ம ஊர்ச் சாப்பாட்டிலேயே காட்டுகிறேன். ஒருவர் சொல்கிறார்: "இது ஆம்பூர் பிரியாணி. ஏனென்றால் இது சீரகச் சம்பாவில் செய்தது. சீரகச் சம்பாவில் செய்ததெல்லாம் ஆம்பூர் பிரியாணிதான்."

முதல் வழி மன்உ. ஆதாரத்தின் ஒரு குறிப்பிட்ட பகுதியைத் தொட்டு, 'இதை நான் ஏற்கவில்லை, இதற்கு ஆதாரம் தாருங்கள்' என்பது. 'இது சீரகச் சம்பா என்பதை ஏற்கவில்லை' என்று நிறுத்திக்கொள்ளலாம். 'அரிசி நீளமாக இருக்கிறதே, பாஸ்மதியாக ஏன் இருக்கக்கூடாது?' என்று ஒரு ஊன்றுகோலையும் சேர்க்கலாம். அந்த ஊன்றுகோலுக்குப் பெயர் ஸனத். இரண்டாவது வழி நக்ளு. ஆதாரத்தை மொத்தமாக எடுத்து, 'இதே ஆதாரம் வேறோர் இடத்திலும் பொருந்துகிறது, ஆனால் அங்கே உங்கள் முடிவு வரவில்லையே' என்று உடைப்பது. 'திண்டுக்கல்லிலும் சீரகச் சம்பாவில்தான் செய்கிறார்கள், அது ஆம்பூர் பிரியாணியா?' மூன்றாவது வழி முஆரளா. அவர் ஆதாரத்தைத் தொடாமல், அவர் முடிவுக்கு எதிர்முடிவைத் தரும் வேறோர் ஆதாரத்தைக் கொண்டுவந்து எதிரே நிறுத்துவது. 'ஆம்பூர் முறையில் காய்ந்த மிளகாயை அரைத்து விழுதாகப் போடுவார்கள். இதில் பச்சை மிளகாய்தான் இருக்கிறது. ஆகவே இது ஆம்பூர் பிரியாணி இல்லை.'

மூன்றும் ஒன்றுபோலத் தெரியும், ஆனால் பொறுப்பு மாறுகிறது. மன்உ சொன்னவருக்கு எந்தச் சுமையும் இல்லை, கேட்டுவிட்டு உட்கார்ந்திருக்கலாம். நக்ளு சொன்னவர் திண்டுக்கல்லைக் காட்டியாக வேண்டும். முஆரளாவுக்குப் போனவரோ தாமே முஅல்லில் ஆகிவிடுகிறார். இப்போது எதிரில் இருப்பவர் ஸாயில் ஆகி இதே மூன்று வழிகளால் அவரைக் கேட்கலாம். இடம் மாறியது இருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். அது தெரியாமல் பேசினால் இருவரும் ஒரே நேரத்தில் முஅல்லிலாகி, இருவரும் கத்துவதும் ஒருவரும் கேட்காததும்தான் மிச்சம்.

இதை நான் புத்தகத்தில் புரிந்துகொள்ளவில்லை. வேலூரில் ஓதுகிற காலத்தில், ஓர் இரவு தக்ராரில்தான் புரிந்தது. தக்ரார் என்றால் பகலில் ஹஸ்ரத் நடத்திய பாடத்தை இரவில் மாணவர்கள் வட்டமாக உட்கார்ந்து ஒருவருக்கொருவர் திரும்பச் சொல்வது. நான் ஷாஃபிஈ மத்ஹபு, அதாவது அந்தச் சட்டப் பள்ளியைப் பின்பற்றுபவன். என் அறைத் தோழர் பேரணாம்பட்டுக்காரர், ஹனஃபி. வேலூரின் பெரிய சிறப்பு இது: கேரளத்திலிருந்தும் கடற்கரை ஊர்களிலிருந்தும் வந்த ஷாஃபிஈ பிள்ளைகளும், உள்நாட்டு ஹனஃபி பிள்ளைகளும் ஒரே கூரையின் கீழ் ஓதுவார்கள். விவாதத்துக்கு எதிரணியை வெளியே தேட வேண்டியதில்லை, பக்கத்துப் பாயில் படுத்திருப்பார்.

அன்றைய பொருள், உளூவுக்கு, அதாவது தொழுகைக்கு முன் முகம் கை கால் கழுவுவதற்கு, நிய்யத் எனும் மன எண்ணம் கட்டாயமா என்பது. ஷாஃபிஈ மத்ஹபில் கட்டாயம். ஹனஃபி மத்ஹபில் அது ஸுன்னத், இல்லாவிட்டாலும் அந்த உளூவால் தொழுகை கூடும். நான் முஅல்லில். நூல்களில் உள்ளபடியே தொடங்கினேன்: "உளூ ஒரு தஹாரத், தூய்மை. தண்ணீர் இல்லாதபோது மண்ணால் செய்யும் தயம்மும் ஒரு தஹாரத். தயம்முமுக்கு நிய்யத் வேண்டும் என்று நீங்களும் சொல்கிறீர்கள். ஆகவே உளூவுக்கும் வேண்டும்." எனக்கு அது மறுக்கவே முடியாததாகத் தோன்றியது.

அவர் அமைதியாகக் கேட்டார்: "நஜீஸ் பட்ட துணியைக் கழுவுவதும் தஹாரத்தானே? அதற்கு நிய்யத் வேண்டுமா?"

அதுதான் நக்ளு. நான் தஹாரத் என்பதைக் காரணமாக வைத்தேன், அந்தக் காரணம் துணிக்கும் பொருந்துகிறது, அங்கே முடிவு வரவில்லை. என் ஆதாரத்தில் ஓட்டை. அன்றைக்கு எனக்கு முகம் சுருங்கிப்போனது. மறுநாள் காலை ஹஸ்ரத்திடம் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. "ஓட்டை விழுந்தால் பானையை வீசிவிடாதே. ஓட்டை எங்கே என்று பார்த்து அடை" என்றார். அடைக்கும் வழி நம் நூல்களிலேயே இருந்தது. துணியில் இருப்பது கண்ணுக்குத் தெரியும் அசுத்தம், நீங்கினால் தீர்ந்தது. உளூ செய்பவரின் கையில் அப்படி எதுவும் ஒட்டியிருக்கவில்லை. அது சட்டம் சொல்வதால் வரும் தூய்மை, வணக்கத்தின் சாயல் கொண்டது. தயம்மும் அப்படிப்பட்டது, உளூவும் அப்படிப்பட்டது, துணி அப்படிப்பட்டதில்லை. காரணத்தை இப்படிச் செதுக்கியபின் துணி வெளியே போய்விட்டது.

அடுத்த இரவு தோழர் வேறு வழியில் வந்தார். "தயம்முமுக்கு நிய்யத் கட்டாயமானது அது தஹாரத் என்பதால்தான் என்பதையே நான் ஏற்கவில்லை" என்றார். இது மன்உ. உடனே ஸனதும் வைத்தார்: "மண் இயல்பாகவே சுத்தம் செய்யும் பொருள் இல்லை, அதனால் அங்கே நிய்யத் தேவைப்பட்டிருக்கலாம். தயம்மும் என்ற சொல்லுக்கே நாடுதல் என்றுதானே பொருள்?" மூன்றாம் இரவு முஆரளா: "உளூ தண்ணீரால் கழுவுவது. தண்ணீர் இயல்பிலேயே தூய்மை செய்யும். எண்ணம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் நெருப்பு சுடுவது போல. ஆகவே நிய்யத் தேவையில்லை." இப்போது அவர் முஅல்லில், நான் ஸாயில். நான்கு இரவு ஓடியது. எங்களில் ஒருவரும் மத்ஹபு மாறவில்லை. ஆனால் அவருடைய இமாம் ஏன் அப்படிச் சொன்னார் என்பது எனக்குத் தெரிந்தது, என்னுடைய இமாம் ஏன் இப்படிச் சொன்னார் என்பதும் அப்போதுதான் உண்மையில் தெரிந்தது. அதற்கு முன் நான் மனப்பாடம் செய்திருந்தேன், அவ்வளவுதான்.

அந்த நாட்களில் நான் செய்த பெரிய தவறையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நீங்கள் பார்க்கும் காணொளிகளில் ஓயாமல் நடப்பது அதுதான். ஒருநாள் நான் ஸாயில். தோழர் ஒரு முன்கூற்றைச் சொன்னார், அதற்கு இன்னும் ஆதாரம் தரவில்லை. அதற்குள் நான் பாய்ந்து அது பொய் என்று நிரூபிக்க ஆரம்பித்துவிட்டேன். ஆயத், ஹதீஸ், கியாஸ் எனும் ஒப்புநோக்கு என்று அடுக்கினேன். வகுப்பே என்னைப் பாராட்டும் என்று நினைத்தேன். ஹஸ்ரத் கையை உயர்த்தி நிறுத்தினார். "நீ இப்போது யாருடைய இடத்தில் உட்கார்ந்திருக்கிறாய்?" என்று கேட்டார். இதற்குப் பெயர் கஸ்பு, பறித்துக்கொள்ளுதல். ஆதாரம் காட்டுவது அவர் பொறுப்பு, அதைக் கேட்பது என் உரிமை. நான் என் உரிமையை விட்டுவிட்டு அவர் பொறுப்பைப் பறித்துக்கொண்டேன். அதனால் அவர் தம் கூற்றுக்கு ஆதாரம் தேட வேண்டிய தேவையே இல்லாமல் போனது. என் ஆதாரங்களில் ஓட்டை தேடிக்கொண்டு அவர் சுகமாக உட்கார்ந்துவிட்டார். பேரறிஞர்கள் பலர் கஸ்பைக் கேட்கத் தகாத பேச்சு என்றே தள்ளினார்கள்.

மேடைகளில் ஒருவர் ஆதாரமே இல்லாமல் ஒன்றைச் சொல்வார். அடுத்தவர் 'ஆதாரம் எங்கே?' என்று கேட்டுவிட்டு இருந்தாலே போதும். அப்படி இருக்க முடியாமல் அரை மணி நேரம் மறுத்துப் பேசுவார். ஆதாரம் தராதவரைத் தப்பவிட்டது யார் என்று பார்த்தால், மறுத்துப் பேசியவர்தான். "நீங்கள் உண்மையாளர்களாயின் உங்கள் சான்றைக் கொண்டுவாருங்கள்" என்று குர்ஆன் அல்பகராவில் கேட்கிறது. அந்த வசனம் சான்று காட்டும் பொறுப்பை, கருத்தைச் சொன்னவர் மேல் சுமத்துகிறது என்பதைக் கவனியுங்கள்.

வரலாறு அதிகம் வேண்டாம், தேவையான அளவு சொல்கிறேன். ஃபிக்ஹ் எனும் மார்க்கச் சட்ட அறிஞர்களும் கலாம் எனும் இறைக்கோட்பாட்டு அறிஞர்களும் தொடக்கத்திலிருந்தே ஜதல் என்ற பெயரில் விவாத விதிகளை எழுதிவந்தார்கள். 1083இல் மறைந்த அபூ இஸ்ஹாக் ஷீராஸியும் 1085இல் மறைந்த இமாமுல் ஹரமைன் ஜுவைனியும் அதில் பெரிய பெயர்கள். எல்லாத் துறைக்கும் பொருந்தும் பொதுக் கலையாக இதைச் சுருக்கி அமைத்தவர் ஷம்ஸுத்தீன் ஸமர்கந்தி, 13ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்தவர். 1355இல் மறைந்த அளுதுத்தீன் ஈஜி இதைச் சில வரிகளில் அடக்கிவிட்டார், அந்தச் சில வரிகளுக்கு உரைகள் குவிந்தன. 1413இல் மறைந்த ஸய்யித் ஷரீஃப் ஜுர்ஜானியின் பெயரால் வழங்கும் ஷரீஃபிய்யா என்ற சிறு நூலுக்கு, 17ஆம் நூற்றாண்டில் ஜவ்ன்பூரின் அப்துர் ரஷீத் எழுதிய உரைதான் ரஷீதிய்யா. இந்திய மதரஸாக்களில் ஓதப்பட்டது இதுதான். துருக்கியர் நாட்டில் 1732இல் மறைந்த ஸாசக்லிஸாதா தம் பிள்ளைக்கு எழுதிய வலதிய்யா அங்கே அதே இடத்தைப் பிடித்தது.

ரஷீதிய்யா நம் பக்கம் வந்த பாதையும் அழகானது. லக்னோவின் ஃபிரங்கி மஹல்லில் 1748இல் மறைந்த முல்லா நிஜாமுத்தீன் அமைத்த பாடத்திட்டம்தான் தர்ஸே நிஜாமி. மன்திக்குக்கு அதில் பெரிய இடம். அவருடைய மகன் பஹ்ருல் உலூம் அப்துல் அலீ, ஆற்காடு நவாப் வாலாஜா முஹம்மது அலீயின் ஆதரவில் சென்னைக்கு வந்து ஓதிக்கொடுத்தார். 1810இல் மறைந்து, திருவல்லிக்கேணி வாலாஜா பள்ளிவாசல் வளாகத்தில் அடக்கமாகியிருக்கிறார். லக்னோவில் எரிந்த விளக்கிலிருந்து ஆற்காட்டு நவாபின் நாட்டுக்கு இப்படித்தான் ஒரு திரி பற்றவைக்கப்பட்டது. பிறகு வேலூரில் ஹஸ்ரத் மகானின் லத்தீஃபிய்யா மதரஸா, 19ஆம் நூற்றாண்டில் ஷாஹ் அப்துல் வஹ்ஹாப் ஹஸ்ரத் நிறுவிய பாக்கியாத்துஸ் ஸாலிஹாத், 1924இல் ஆம்பூருக்கு அருகே உமராபாத்தில் தொடங்கிய தாருஸ்ஸலாம் என்று பழைய வட ஆற்காடு மாவட்டம் ஆலிம்களின் வட்டாரமாகவே ஆனது. ஓதுவதிலும் கருத்திலும் இவற்றுக்குள் வேறுபாடு உண்டு. பேருந்தில் ஒன்றரை மணி நேரத்துக்குள் இத்தனை வழிமுறைகளைச் சேர்ந்தவர்களையும் பார்த்துவிடலாம். குடியாத்தத்தில் உட்கார்ந்திருக்கும் உங்களுக்கு இது எவ்வளவு பெரிய வாய்ப்பு என்று நினைத்துப் பாருங்கள்.

இப்போது எப்படித் தொடங்குவது என்பதற்கு வருகிறேன். அரபி தெரியாமல் ரஷீதிய்யாவைத் தொட முடியாது. அது கொஞ்சம் அரபி தெரிந்தவருக்கே கடினம். மூலமான மத்னும் உரையான ஷரஹும் பின்னிக்கிடக்கும், ஒரு பிரதிப்பெயர் எதைச் சுட்டுகிறது என்பதிலேயே ஒரு காலைப்பொழுது போய்விடும். ஆனால் கலையின் எலும்புக்கூடு நான் மேலே சொன்னதுதான். அதை அரபி இல்லாமலே பழகலாம். பழகிக்கொண்டே அரபியும் ஓதுங்கள், இரண்டும் சந்திக்கும் நாளில் கிதாபு திறந்துகொள்ளும்.

கொஞ்சம் மன்திக் தேவை. ஈஸாகோஜி என்ற சிறு நூல் பழைய வாசல். 13ஆம் நூற்றாண்டில் அஸீருத்தீன் அப்ஹரி எழுதியது. ஒரு வாக்கியம் 'எல்லாம்' என்கிறதா 'சில' என்கிறதா, இரண்டு வாக்கியங்களிலிருந்து மூன்றாவது எப்படி வருகிறது, ஒரு சொல்லுக்கு வரையறை சொன்னால் அது உள்ளே வர வேண்டியதையெல்லாம் சேர்க்கிறதா, வெளியே நிற்க வேண்டியதைத் தடுக்கிறதா என்பதெல்லாம் அதில் வரும். பள்ளியில் கணக்கை ஒழுங்காகப் படித்த உங்களுக்கு இது ஒரு மாதத்து வேலை. பக்கத்து மதரஸாவில் அஸருக்குப் பின் ஓய்வாக இருக்கும் ஓர் உஸ்தாதைப் போய்ப் பாருங்கள். தனியாக உட்கார்ந்து இதை ஓதாதீர்கள். தனியாக ஓதியவருக்குத் தம் ஓட்டை தெரியாது, ஓட்டையைக் காட்டத்தானே இந்தக் கலையே இருக்கிறது.

அதைவிட முக்கியம் ஒரு தோழர். உங்களோடு ஒத்துப்போகாத, ஆனால் நீங்கள் மதிக்கிற ஒருவர். வாரம் இருமுறை அரை மணி நேரம் போதும். முதல் மூன்று மாதம் நீங்கள் ஸாயிலாக மட்டும் இருங்கள். அவர் சொல்லட்டும், நீங்கள் கேளுங்கள். உங்கள் கருத்தை ஒரு வார்த்தை சொல்லக் கூடாது. கடினமாக இருக்கும். 'எனக்குத் தெரியுமே' என்று நாக்கு துடிக்கும். அந்தத் துடிப்புதான் கஸ்புக்கு வாசல். ஒரு நோட்டில் அவர் கருத்தை அவரே 'ஆமாம், நான் சொன்னது இதுதான்' என்று ஒப்பும்படி ஒரு வரியில் எழுதுங்கள். அதை எழுதிக்கொள்ளாமல் தொடங்காதீர்கள். மோதல் எந்த இடத்தில் என்பதை முதலில் வரையறுப்பதற்கு 'தஹ்ரீரு மஹல்லின் நிஸாஃ' என்று பெயர். அதை எழுத உட்கார்ந்தால் பல சமயம் மோதலே இல்லை, இருவரும் ஒரே சொல்லை இரண்டு பொருளில் சொல்லியிருக்கிறோம் என்று தெரிந்துவிடும். எழுதிய பின் ஆதாரத்தைக் கேட்டு அதையும் எழுதுங்கள். பிறகு உங்கள் கேள்வியை எழுதி, அது மன்உவா, நக்ளா, முஆரளாவா என்று பக்கத்தில் பெயரிடுங்கள். பெயரிட முடியாத கேள்வியைக் கேட்காதீர்கள். என் மாணவர்களிடம் நான் விடாப்பிடியாக இருந்தது இதில்தான்.

இன்னொரு பயிற்சி, ஃபிக்ஹ் நூல் எதை எடுத்தாலும் 'ஃபஇன் கீல' என்று வரும் இடங்களைத் தேடுவது. 'இப்படிச் சொல்லப்பட்டால்' என்று எதிராளியின் கேள்வியை ஆசிரியரே எழுப்பி, 'குல்னா', நாம் சொல்வோம் என்று விடை தருவார். 'ஸல்லம்னா' என்றும் வரும். 'நீ சொன்னதை ஒப்புக்கொண்டோம், அப்போதும் உன் முடிவு வரவில்லை' என்ற பொருளில். தமிழ் படித்தவர்களுக்கு இது அந்நியமில்லை. நன்னூல் சொல்லும் எழுவகை மதத்தில் (மதம் என்றால் இங்கே கொள்கை) பிறர் மதத்தை மேற்கொண்டு களைதலும் ஒன்று அல்லவா? எதிர்த்தரப்பை அதன் முழு வலுவோடு தன் நூலில் தானே எழுதிவைத்த இந்த நேர்மைதான் நம் பழைய கிதாபுகளில் என்னை மிகவும் ஈர்த்தது. மறுக்கப்போகும் கருத்தை இவ்வளவு அழகாக எழுதியிருக்கிறாரே, எழுதியவர் மனம் மாறிவிட்டாரோ என்றுகூடச் சில பக்கங்களில் தோன்றும்.

நடத்தை பற்றியும் நூல்களில் விதிகள் உண்டு. புரியாத அளவுக்குச் சுருக்காதே, சலிக்கும் அளவுக்கு நீட்டாதே, அரிய சொற்களைப் போட்டு மிரட்டாதே, இரண்டு பொருள் தரும் சொல்லை விளக்காமல் விடாதே, அவர் சொன்னது விளங்குமுன் குறுக்கிடாதே, சிரிக்காதே, குரலை உயர்த்தாதே, எதிரே இருப்பவரை அற்பமாக நினைக்காதே. நீ அச்சத்தால் வாய் திறக்க முடியாத பெரியவரோடு விவாதம் வேண்டாம் என்பதும் அதில் ஒன்று. சமமானவர் என்ற அந்த முதல் வேர்ச்சொல் இங்கே திரும்பி வருகிறது.

இமாம் கஸ்ஸாலியைத் தவிர்த்துவிட்டு இதை முடிக்க முடியாது. விவாதத்தின் ஆபத்தை அவர்போல் உள்ளிருந்து பார்த்தவர் அரிது. ஸல்ஜூக் அமைச்சர் நிஜாமுல் முல்க்கின் அவையில் விவாதித்துப் பெயர் பெற்று, 1091இல் பக்தாத் நிஜாமிய்யாவில் ஆசிரியரானவர். 1095இல் எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் புறப்பட்டார். தம் இஹ்யா நூலின் அறிவு பற்றிய பகுதியில் முனாழராவுக்கு எட்டு நிபந்தனைகள் வைக்கிறார். கூட்டத்தின் முன் விவாதிப்பதைவிடத் தனிமையில் விவாதிப்பது ஒருவருக்கு அதிகம் பிடித்திருக்க வேண்டும் என்பது ஒன்று. தொலைத்த பொருளைத் தேடுபவர், அது தன் கையில் கிடைத்தாலும் உடன் தேடுபவர் கையில் கிடைத்தாலும் ஒன்றுபோல் மகிழ வேண்டும் என்பது இன்னொன்று. எதிரில் இருப்பவர் ஓர் ஆதாரத்தை விட்டு வேறோர் ஆதாரத்துக்கு மாறினால் தடுக்கக் கூடாது என்பது மற்றொன்று. மேடையில் 'பார்த்தீர்களா, மாறிவிட்டார்' என்று கைதட்டல் வாங்குகிற அந்த இடத்தை நினைத்துப் பாருங்கள்.

இமாம் அபூ ஹனீஃபாவைப் பற்றி நூல்கள் சொல்லும் ஒரு செய்தி உண்டு. கலாமில் விவாதிக்க வேண்டாம் என்று மகன் ஹம்மாதைத் தடுத்தார். 'நீங்கள் விவாதித்ததை நான் பார்த்திருக்கிறேனே' என்றார் மகன். 'நாங்கள் விவாதித்தபோது, தோழர் சறுக்கிவிடுவாரோ என்று பயந்து, தலையில் பறவை உட்கார்ந்திருப்பதுபோல் அசையாமல் இருந்தோம். நீங்களோ தோழர் சறுக்க வேண்டும் என்று விரும்புகிறீர்கள்' என்பது தந்தையின் விடை. முப்பது வருடத்துக்கு முன் ஓர் ஊரில் ஒரு விவாதத்துக்குப் போயிருந்தேன். இரு தரப்பும் ஓதியவர்கள். இரண்டாவது மணி நேரத்தில் நாற்காலி பறந்தது. திரும்பிவரும் பேருந்தில் இந்தச் செய்திதான் நினைவில் ஓடியது. அன்றிலிருந்து ஊருக்கு முன் நடக்கும் விவாதங்களுக்கு நான் போவதில்லை, என் மாணவர்களையும் அனுப்பியதில்லை. பொது விவாதமே ஆகாது என்று சொல்லவில்லை. 1854 ஏப்ரலில் ஆக்ராவில் ரஹ்மத்துல்லாஹ் கைரானவி பாதிரியார் ஃபாண்டரோடு நடத்திய விவாதம் கூட்டத்துக்கு முன்தான் நடந்தது. ஆனால் எந்தத் தலைப்புகள், எந்த வரிசையில் என்று முன்பே இருவரும் ஒப்புக்கொண்டு உட்கார்ந்தார்கள். இரண்டு நாள் பேசியும் முதல் இரண்டு தலைப்புகளைத் தாண்டவில்லை. ஒரு தலைப்புக்கு அவ்வளவு நேரம் கொடுத்தார்கள்.

இனி உங்கள் வாதம். 'அவர் பதில் சொல்ல முடியாமல் வாயடைத்தார். வாயடைத்தவரின் கருத்தெல்லாம் தவறு. ஆகவே அவர் கருத்து தவறு.' முஅல்லில் நீங்கள், ஸாயில் நான். நக்ளு சொல்கிறேன். தயம்மும் பற்றிய அந்த முதல் இரவில் நானும் வாயடைத்துத்தான் போனேன். உங்கள் ஆதாரம் சரியென்றால், அந்த நொடியில் ஷாஃபிஈ மத்ஹபின் கருத்து தவறாகிவிட்டிருக்க வேண்டும், மறுநாள் காலை ஹஸ்ரத் ஓட்டையை அடைத்தவுடன் மீண்டும் சரியாகியிருக்க வேண்டும். ஒரு சட்டம் ஒரு பத்தொன்பது வயதுப் பையனின் தடுமாற்றத்தோடு எப்படி ஏறி இறங்கும்?

நீங்கள் பார்த்ததற்கு இந்தக் கலையில் சரியான பெயர் இஃப்ஹாம். முஅல்லில் மேலே போக முடியாமல் நின்றுவிட்டார் என்பது மட்டும்தான் அதன் பொருள். எதிர்ப்பக்கம் ஸாயில் தன் கேள்வியைத் தொடர முடியாமல் ஒப்புக்கொள்ளும் நிலைக்கு வந்தால் அது இல்ஸாம். இரண்டும் அன்று உட்கார்ந்த இருவரைப் பற்றிய செய்தி. 'ஆதாரம் வீழ்ந்ததால், ஆதாரம் காட்டப்பட்ட பொருள் வீழ்ந்ததாக ஆகாது' என்பது இந்தத் துறையில் எல்லோருக்கும் தெரிந்த விதி. வேறோர் ஆதாரம் இருக்கலாம். அவருக்குத் தெரியாமல் இருக்கலாம், தெரிந்தும் அந்த நேரத்தில் நினைவுக்கு வராமல் இருக்கலாம். இதை மறுக்க வேண்டுமானால், 'வாயடைத்தவரின் கருத்தெல்லாம் தவறு' என்ற உங்கள் முன்கூற்றுக்கு நீங்கள் ஆதாரம் தர வேண்டும். தாருங்கள், காத்திருக்கிறேன்.

அதற்குள் ஒரு வேலை. அதே காணொளியை ஒரு நோட்டோடு உட்கார்ந்து மறுபடி பாருங்கள். யார் முஅல்லில், யார் ஸாயில் என்று எழுதுங்கள். இடம் மாறும் ஒவ்வொரு நிமிடத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். ஆதாரம் கேட்காமல் விட்ட இடம், கஸ்பு நடந்த இடம், ஒரே சொல் இரண்டு பொருளில் ஓடிய இடம் எல்லாவற்றையும் குறியுங்கள். முதல் இருபது நிமிடம் போதும், அதற்கே ஒரு வாரம் ஆகும். முடித்ததும் நோட்டை எடுத்துக்கொண்டு வேலூர் வாருங்கள், அஸருக்குப் பின் இருப்பேன். வரும்போது அந்தத் தோழரையும் கூட்டி வாருங்கள்.